பள்ளி வாசலைச் சுற்றி 50 மீட்டர்: தின்பண்ட விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது?

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுவது கேன்டீனுக்கு. இல்லையென்றால் வாசலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்கு. இந்த இரண்டுக்கும் சேர்த்து நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் அதை அறிவித்தது. 2021 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பாகுபாடு கிடையாது.

நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த தின்பண்டங்களையும் பானங்களையும் பள்ளி வளாகத்துக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. கேன்டீன், மெஸ், விடுதிச் சமையலறை எல்லாம் இதில் அடங்கும். பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் இதே தடை உண்டு. அங்கே இவற்றை இலவசமாகக் கொடுப்பதோ விளம்பரம் செய்வதோ கூடாது. இந்தத் தடையைச் சொல்லும் பலகை பள்ளி நுழைவாயிலில் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்று நாளைக் காலையே பார்த்துவிடலாம். ஐம்பது மீட்டர் என்பது ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும் தூரம்தான். ஐம்பத்தோராவது மீட்டரில் இருக்கும் கடையை விதி ஒன்றும் செய்யாது.

பள்ளியே உணவு தயாரித்து விற்றால் ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் அவரிடம் அது இருக்க வேண்டும். பதினான்கு இலக்க எண் அது. கேட்டால் காட்டத் தயங்குபவர்களைச் சற்று கவனியுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோகும் டிபன் பாக்ஸை இந்த விதி தொடவில்லை. சிப்ஸ், நூடுல்ஸ் கொண்டுவரக் கூடாது என்று பள்ளி சுற்றறிக்கை அனுப்பினால் அது பள்ளி தானாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பெற்றோரை மிரட்ட வேண்டியதில்லை.

ஆகவே டப்பாவில் என்ன வைப்பது என்பது நம் பொறுப்பு. பாக்கெட் பண்டம் வாங்கினால் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். அதில் அன்றாடத் தேவையின் சதவீதம் என்று போட்டிருப்பது 2,000 கிலோகலோரி தேவைப்படும் பெரியவருக்கான கணக்கு: சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். 10 கிராம் சர்க்கரை உள்ள பிஸ்கட்டுக்கு 20 சதவீதம் என்று அச்சாகியிருக்கும். நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவை சுமார் 1,360 கிலோகலோரிதான். அதே விகிதத்தில் பார்த்தால் அந்த பிஸ்கட் 30 சதவீதத்தை நெருங்கிவிடுகிறது. அந்தச் சதவீதமும் ஒரு பரிமாறலுக்குத்தான். பாக்கெட் 50 கிராம், பரிமாறும் அளவு 20 கிராம் என்றிருந்தால், பிள்ளை முழுப் பாக்கெட்டையும் காலி செய்யும்போது எண்ணை இரண்டரையால் பெருக்க வேண்டும்.

சமைத்துக் கொடுப்பதற்கு அரசின் மதிய உணவுத் திட்ட அளவே கையில் இருக்கிறது. மத்திய அரசின் வரையறைப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இதிலிருந்து 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தானியம் 150, பருப்பு 30, காய்கறி 75 கிராம் என்று உயர்கிறது. இதை வைத்துப் பார்த்தால் நாம் அவசரத்தில் கட்டும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கே இடறுகிறது என்று தெரியும்: அரிசி போதும், எண்ணெய் கூடுதல், தாளிப்பில் விழுந்த கடலைப்பருப்பைத் தவிரப் பருப்பே இல்லை. ஒரு கைப்பிடி சுண்டலோ ஒரு முட்டையோ சேர்த்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். வறுவலுக்குப் பதிலாக பீன்ஸ் பொரியல் வைத்தால் பிள்ளை முகம் சுளிக்கலாம். முதலில் இரண்டு கரண்டி வையுங்கள், பாக்ஸ் காலியாகத் திரும்பினால் பிறகு கூட்டலாம்.

விதி மீறப்படுவதைக் கண்டால் முதலில் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். அசையாவிட்டால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடமோ, ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ புகார் தரலாம். விற்கப்படும் பண்டத்தின் பெயர், தேதி, புகைப்படம், வாசலிலிருந்து கடை இருக்கும் தூரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். தூரம் எழுதாத புகாரில் அலுவலர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.