செல்லுக்கு வெளியே நின்று செல்லைக் காக்கும் நொதி

டெல்டா மாவட்டங்களில் பிரசவம் எந்த அரசு மருத்துவமனையில் நடந்தாலும், குழந்தை வீடு திரும்புவதற்குள் அதன் இடது மேற்கையில் பிசிஜி தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்த இடம் தடித்து, சிறு கொப்புளமாகி உடைந்து, தழும்பாக ஆறிவிடும். அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள பாக்டீரியா. அதைத் தோலின் ஓர் இடத்தில் அடக்கித் தழும்பாக்கும் வேலையைக் குழந்தையின் டி செல்கள் (கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) செய்கின்றன. அந்தச் செல்கள் இல்லாமல் பிறக்கும் அரிதான குழந்தைக்குப் புண் ஆறாமல் கசியக்கூடும். இடது அக்குளில் நெறிகட்டும். பிறகு பாக்டீரியா உடல் முழுவதும் பரவும். இதோடு வாய்ப்புண், நிற்காத வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, ஏறாத எடை ஆகியவையும் சேர்ந்தால், மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டை.

இக்குறைபாட்டுக்குக் காரணமான மரபணுக்கள் பல. நோயாளிகளில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதி, சுருக்கமாக ஏடிஏ, இல்லாமல் போவதுதான் காரணம். இது தற்செயலாகத் தெரியவந்தது. சியாட்டிலில் பணியாற்றிய எலோய்ஸ் கிப்ளெட், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன்னோடியாக ரத்தத்தின் நொதி வகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஏடிஏ அறவே இல்லை என்பதைக் கண்டார். இரண்டு குழந்தைகளைப் பற்றிய அவரது அறிக்கை 1972-ல் வெளியானது. நோயெதிர்ப்புக் குறைபாடு ஒன்றுக்கு மூலக்கூறு அளவில் காரணம் தெரிந்தது அதுவே முதல்முறை.

ஏடிஏ செய்வது துப்புரவுப் பணி. டிஎன்ஏ சிதையும்போது வெளிப்படும் டிஆக்சிஅடினோசினை அது தீங்கற்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. நொதி இல்லையேல் டிஆக்சிஅடினோசின் தேங்குகிறது. செல்லுக்குள் அதன்மீது பாஸ்பேட்டுகள் ஏறி, டிஆக்சிஏடிபி என்னும் வடிவம் குவிகிறது. பாஸ்பேட் ஏறிய மூலக்கூறால் செல்சவ்வைக் கடந்து வெளியேற இயலாது. டிஎன்ஏ-வைக் கட்டுவதற்கான நான்கு அலகுகளையும் தயாரித்துக் கொடுக்கும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதியை இந்தக் குவியல் முடக்குகிறது. பிரிந்து பெருக முடியாத செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

ஏடிஏ உடலின் எல்லாச் செல்களிலும் உண்டு. அப்படியிருக்க, டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகையான லிம்போசைட்டுகள் மட்டும் ஏன் முதலில் மடிகின்றன? நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்கள் பெருமளவில் உருவாகின்றன. தகுதியற்றவை என்று கழிக்கப்பட்டு அங்கேயே இறப்பவையும் மிகப் பல. இறந்த செல்களின் டிஎன்ஏ சிதைவதால் டிஆக்சிஅடினோசின் அங்குதான் அதிகம் ஊறுகிறது. போதாததற்கு, அதன்மீது பாஸ்பேட் ஏற்றும் நொதிகள் இளம் லிம்போசைட்டுகளில் சுறுசுறுப்பாகவும், பாஸ்பேட்டை இறக்கும் நொதிகள் மந்தமாகவும் இருக்கின்றன. நஞ்சு மிகுதியாக ஊறுவதும் அதைத் தன்னுள் பூட்டிக்கொள்வதும் ஒரே இடத்தில் நடப்பதால் தைமஸ் வற்றிப்போகிறது. இக்குழந்தைகளின் மார்பு எக்ஸ்ரேயில், பச்சிளம் குழந்தைக்கு இருக்க வேண்டிய தைமஸின் நிழல் தெரியாது. சிலருக்கு விலா எலும்புகளின் முன்முனைகள் கிண்ணம்போல் குழிந்து விரிந்திருக்கும். காது கேளாமை போன்ற கோளாறுகளும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், இதை நோயெதிர்ப்பு மண்டலத்தின் நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்பது எளிய யோசனைதான். ஆனால் ஏடிஏவின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 41,000. அவ்வளவு பெரிய புரதம் லிம்போசைட்டுக்குள் தானாக நுழையாது. நோயோ செல்லுக்குள் இருக்கிறது. ஆயினும் சிகிச்சை பலிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலில் நீர் தேங்கினால், டெல்டா விவசாயி வயலுக்குள் இறங்கி நீரை இறைத்துக்கொண்டிருப்பதில்லை. ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலைத் திறந்துவிடுகிறார், வடிகாலின் மட்டம் இறங்க இறங்க வயல்நீர் தானே வடிகிறது. ரத்தத்தில் செலுத்தப்படும் ஏடிஏவும் அப்படித்தான். மூலக்கூறு எடை வெறும் 251 கொண்ட டிஆக்சிஅடினோசின், செல்சவ்வில் உள்ள கடத்திகளின் வழியே இருபுறமும் போய்வரக்கூடியது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருப்பது சிதைக்கப்படும்போது, செல்லுக்குள் இருப்பது வெளியே வருகிறது. உள்ளே பூட்டப்பட்டிருந்த டிஆக்சிஏடிபியும் மெல்ல மெல்லப் பாஸ்பேட்டை இழந்து அதே வழியில் வெளியேறுகிறது. நொதி ஒரு செல்லையும் பழுதுபார்ப்பதில்லை, பிழையான மரபணு அப்படியே இருக்கிறது. இச்சிகிச்சையின் சிறப்பும் போதாமையும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

1970-களில் இதற்கு ரத்தச் சிவப்பணுக்களைப் பயன்படுத்தினார்கள். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சிவப்பணுக்களை ஏற்றினால் அவற்றினுள் இருக்கும் ஏடிஏ ஓரளவு வேலை செய்யும். சிலருக்குப் பலன் கிடைத்தது, பலருக்குப் போதவில்லை. நொதியை நேரடியாகச் செலுத்தினாலோ உடல் அதைச் சில நிமிடங்களில் அகற்றிவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பலபடியின் இழைகளைப் புரதத்தோடு பிணைத்தால் அது ரத்தத்தில் நெடுநேரம் தங்கும், எதிர்ப்புப் பொருள் உருவாவதும் குறையும் என்பதை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிராங்க் டேவிஸ் குழுவினர் 1977-ல் காட்டினார்கள். கன்றின் குடலிலிருந்து எடுத்த ஏடிஏவை இவ்வாறு போர்த்தி, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹெர்ஷ்ஃபீல்டு 1986-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார். ரத்தத்தில் நொதி பாதியாகக் குறைய ஆகும் காலம் நிமிடங்களிலிருந்து நாட்களுக்கு நீண்டதால், வாரத்துக்கு ஓரிரு முறை தசையில் ஊசி போட்டாலே போதுமானதாயிற்று. 1990-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தே அத்தகைய போர்வை போர்த்திய புரத மருந்துகளில் முதலாவது. 2018-ல் ஒப்புதல் பெற்ற இன்றைய வடிவம் கன்றின் குடலை நம்பியிருக்கவில்லை. மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாராகிறது.

ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே சிவப்பணுக்களில் டிஆக்சிஏடிபி போன்ற டிஆக்சி நியூக்ளியோடைடுகளின் அளவு சரிகிறது. லிம்போசைட்டுகள் தலைதூக்கச் சில மாதங்கள் ஆகும், ஏனென்றால் தைமஸ் அவற்றைப் புதிதாக உருவாக்கியாக வேண்டும். குழந்தை எடை கூடுகிறது, தொற்றுகள் குறைகின்றன. ஆனால் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை முழு இயல்புக்கு வருவது அரிது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மீண்டும் சரிவதும் உண்டு. சிலருடைய உடல் அந்த நொதிக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிடும். ஊசியை நிறுத்தினால் நஞ்சு திரும்பத் தேங்கும். எனவே இதை வாழ்நாள் மருந்தாகக் கருதாமல், எலும்பு மஜ்ஜை மாற்றோ மரபணுச் சிகிச்சையோ செய்யும்வரை குழந்தையைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடாகவே இன்று கருதுகிறார்கள். என் பார்வையிலும் அதுவே சரி. முழுப் பொருத்தமுள்ள அண்ணனோ அக்காளோ மஜ்ஜை தானம் தந்தால், 106 நோயாளிகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வின்படி, 86 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர் தந்தபோது அது 43 விழுக்காடாக இருந்தது. அதன் பின் முறைகள் தேறியிருக்கின்றன. 1990 செப்டம்பர் 14 அன்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நடந்த புகழ்பெற்ற முதல் மரபணுச் சிகிச்சையும் இந்நோய்க்காகத்தான். அவளுக்கு நொதி ஊசியும் தொடர்ந்தது. எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இந்தியாவில் இந்த நொதி மருந்து எளிதில் கிடைப்பதில்லை, விலையும் மிக அதிகம். நம் பக்கத்துக் குழந்தைக்கு நடைமுறையில் உள்ள வழி மஜ்ஜை மாற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986 முதலே நடக்கிறது. அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையின்கீழ், குறிப்பிட்ட உயர்சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி இருக்கிறது. மஜ்ஜை மாற்று நடக்கும்வரை குழந்தை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் நோய் முதல் சில வாரங்களிலேயே பிடிபட வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-இன்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. இந்நோய் வர, ஏடிஏ மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்துசேரும் வாய்ப்பு, அத்தை மகன்–மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு 16-ல் ஒன்று. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு 8-ல் ஒன்று. உறவில்லாத பெற்றோருக்கும் இக்குழந்தை பிறக்கலாம் என்பதால், குடும்ப வரலாறு கேட்கும் மருத்துவர் திருமண உறவோடு, முன்பு பால்குடி வயதில் இறந்த குழந்தை உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும்.

தஞ்சாவூர், மயிலாடுதுறை ஆய்வகங்களுக்கு ஏடிஏ என்ற பெயர் பழக்கமானதே. நுரையீரலைச் சுற்றியுள்ள நெஞ்சுறையில் கோத்த நீரில் அதன் அளவு உயர்ந்திருந்தால் காசநோய் என்று ஊகிப்பார்கள். ஆனால் அங்கு கூடுவது பெரும்பாலும் ஏடிஏ-2, வேறொரு மரபணுவின் நொதி. இந்நோயைக் கண்டறியச் சிவப்பணுக்களுக்குள் உள்ள ஏடிஏவை அளக்க வேண்டும்; வழக்கமான சீட்டில் ‘ஏடிஏ’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் தவறான விடை வந்துசேரலாம்.

அதற்கும் முந்தைய படி, எந்த ஊரிலும் எடுக்கக்கூடிய சாதாரண ரத்த எண்ணிக்கை. வெள்ளணுக்கள் 6,000, அதில் லிம்போசைட்டு 15 விழுக்காடு என்று அறிக்கை வந்தால், இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 900. பச்சிளம் குழந்தைக்கு இது 3,000-க்குக் குறைந்தாலே சந்தேகிக்கத் தகுந்தது. மொத்த எண்ணிக்கை இயல்பாகத் தெரிவதால் இந்தப் பெருக்கல் விடுபட்டுப்போவது சகஜம். சந்தேகம் எழுந்ததும் ரோட்டா வைரஸ், போலியோ சொட்டு மருந்துகளை நிறுத்திவைக்க வேண்டும். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதையே ஏற்ற வேண்டும். குடும்பத்தில் மரபணுப் பிழை உறுதியாகியிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். அது தவறிவிட்டால், அடுத்து பிறக்கும் குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பிசிஜி ஊசியைத் தள்ளிவைக்கும்படி பிரசவ வார்டிலேயே சொல்லிவிட வேண்டும்.