பாதியில் விட்டாலும் நிற்கும் ஷட்டர்

“எங்கள் வீட்டு கார் ஷெட் ஷட்டரை முன்பெல்லாம் ஒற்றைக் கையால் தூக்கிவிடுவேன். இப்போது நானும் மருமகளும் சேர்ந்து தம் கட்ட வேண்டியிருக்கிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை. இரும்புக்கு வயதானால் எடை கூடுமா?” என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கூடாது அம்மா. சொல்லப்போனால், முன்பும் அந்த ஷட்டரை நீங்கள் தூக்கவில்லை. இரண்டரை மீட்டர் அகலம், அதே உயரம், 1.25 மி.மீ. தகடு என்று வைத்துக்கொண்டு எஃகின் அடர்த்தியால் பெருக்கிப் பாருங்கள். தட்டைத் தகடு மட்டுமே 61 கிலோ. பட்டிகளின் வளைவு, ஒன்றோடொன்று கோத்திருக்கும் மடிப்பு, பூட்டு மாட்டும் கனத்த அடிப்பட்டை எல்லாம் சேர்ந்தால் 75 கிலோவை நெருங்கிவிடும். ஒரு நெல் மூட்டையை யார் ஒற்றைக் கையால் தூக்குகிறார்கள்?

தூக்கியது மேலே தகரப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஷட்டர் இறங்கும்போது, அது சுற்றியிருக்கும் உருளை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. ஏறும்போது அந்த முறுக்கு பிரிந்து கைகொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நிலையாற்றல்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. நல்ல ஷட்டரை இடுப்பளவில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். அப்படியே நிற்கும். தோளளவிலும் நிற்கும், முழங்காலளவிலும் நிற்கும். எந்த உயரத்திலும் எப்படிச் சரியாகத் தாங்குகிறது?

முழுதும் சுருட்டிய நிலையில் கீழே தொங்குவது அடிப்பட்டை மட்டும். இறக்க இறக்க ஒவ்வொரு பட்டியாக உருளையிலிருந்து விடுபட்டுத் தொங்குகிறது. தொங்கும் எடை சீராக ஏறுகிறது. அதே நேரத்தில் ஸ்பிரிங்கும் சுற்றுச் சுற்றாக இறுகுகிறது. அதன் எதிர்ப்பும் சீராகவே ஏறும். இது ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் கண்ட விதி. வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டு, 1678இல்தான் விடையை அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ, விசை அவ்வளவு. எடையும் நேர்கோட்டில் ஏறுகிறது, முறுக்கும் நேர்கோட்டில் ஏறுகிறது. ஒரு கோட்டின் மேல் இன்னொன்றைப் படுக்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மேலே இருக்கும்போதே அடிப்பட்டையைத் தாங்க வேண்டுமே? அதற்காகத்தான் மெக்கானிக் மாட்டும்போதே ஸ்பிரிங்கை ஓரிரு சுற்று முன்கூட்டி முறுக்கி வைக்கிறார்.

இங்கே ஒரு சின்னக் குறும்பும் உண்டு. மேலே சுருண்டிருக்கும்போது சுருள் பருமனாக இருக்கிறது. இறங்க இறங்க மெலிகிறது. எடை இழுக்கும் ஆரமும், அதாவது சுருளின் நடுவிலிருந்து எடை தொங்கும் இடம் வரையுள்ள தூரமும், அதோடு குறைகிறது. ஆகவே எடையின் கோடு உண்மையில் கொஞ்சம் வளைந்தது. ஸ்பிரிங்கின் கோட்டோடு முழுக்கப் பொருந்தாது. அந்த இடைவெளியை நிரப்புவது உராய்வு. பக்கச் சட்டங்களில் தகடு உரசுகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே உராய்வு இல்லாவிட்டால், ஷட்டர் பாதியில் நிற்காமல் தனக்குப் பிடித்த உயரத்தைத் தேடிப் போய்விடும்! உங்கள் எண்ணெய் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. குறைந்தது வழுவழுப்பு அல்ல, முறுக்கு.

முறுக்கு ஏன் குறைகிறது? கம்பி களைத்துப்போகிறது. ஒரே சுமையை ஆயிரமாயிரம் முறை ஏற்றி இறக்கினால், ஒருமுறைக்கு எளிதில் தாங்கிய உலோகமே ஒருநாள் விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ரயில் அச்சுகளை வைத்துப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்துக் காட்டியது இது. இத்தகைய சோதனைக்கு இயந்திரம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் முடிவைக் காட்டு என்று நெருக்கும் நிதிக்குழுவிடம் வோலர் இன்று மனுப் போட்டால் பணம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஷட்டர் உருளையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகள் இருக்கும். மூன்றில் ஒன்று உடைந்தால் மூன்றில் ஒரு பங்கு உதவி போயிற்று. அந்தப் பங்கு உங்கள் தோளிலும் மருமகள் தோளிலும்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு ஷட்டரைச் சரிசெய்வதை நின்று பார்த்தேன். மெக்கானிக் முதலில் ஷட்டரை மேலே ஏற்றி, கயிற்றால் இறுகக் கட்டினார். பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். இறக்கிய நிலையில் ஸ்பிரிங்குக்குள் இருக்கும் ஆற்றல், 10 கிலோ கல்லை மூன்றாவது மாடியிலிருந்து போட்டால் தரையில் இறங்கும் ஆற்றலுக்குச் சமம். வீடியோ பார்த்துவிட்டு நாமே போல்ட்டைக் கழற்றுவது வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை வேறு. பக்கச் சட்டங்களைத் துணியால் துடைத்து வையுங்கள். கிரீஸை அப்பினால் தெருப்புழுதி முழுவதும் அங்கே குடியேறும். வாசல் தெளிக்கும்போது ஷட்டருக்கும் சேர்த்து ஒரு வாளி ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அடிப்பட்டை அங்கிருந்துதான் துருப்பிடிக்கிறது. திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது உங்கள் விருப்பம். தகட்டில் படாமல் கட்டுங்கள், எலுமிச்சைச் சாறும் அமிலம்தான்.

வாசகிக்கு ஒரு கேள்வியோடு பதில் எழுதியிருக்கிறேன். முழுதும் ஏற்றிய ஷட்டர் நிற்காமல் தானாகச் சரிகிறதா, அல்லது மேலே ஒழுங்காக நின்று, கீழே வர வர வேகமெடுத்துத் தரையில் அறைகிறதா? முதலாவது என்றால் முன்முறுக்கு தளர்ந்திருக்கலாம். மெக்கானிக் ஓரிரு சுற்று கூட்டினால் போதும். இரண்டாவது என்றால் ஏதோ ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சரிசெய்யும் வரை ஷட்டரின் அடியில் பேரப்பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.