ஹீலியம், ஈலியம், எல்லியம்

ஹீலியம் என்றதும் பலூன்தான் நினைவுக்கு வரும். பெயரைப் பிரித்தால் உள்ளே இருப்பது சூரியன். கிரேக்கத்தில் 'ஹீலியோஸ்' என்றால் கதிரவன்.

ஒரு வாயுவுக்கு ஏன் அந்தப் பெயர்? மண்ணில் கிடைக்கும் முன்பே அது வானில் அகப்பட்டுவிட்டது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலர் ஜான்சன் குண்டூரில் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். நிலா சூரியனை மூடியதும், விளிம்பில் தழலாய் எழுந்த பிழம்புகளின் ஒளி தனித்தனி நிறக்கோடுகளாகத் தெரிந்தது. அதில் ஒன்று மஞ்சள். சோடியம்தான் என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் விழும், இதுவோ 587.6. மயிரிழை விலகல்தான். அதே ஆண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாமலே பிழம்புகளை ஆராய்ந்த ஆங்கிலேயர் லாக்யர் அந்த விலகலை விடவில்லை. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் புதுத் தனிமம் என்று முடிவுகட்டிப் பெயரும் சூட்டினார். 1895இல் வேதியியலர் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்தெடுக்கும்வரை பெயர் இருந்தது, பொருள் கையில் இல்லை.

விகுதியில் ஒரு பிழை. சோடியம், கால்சியம் போல 'இயம்' வருவது பெரும்பாலும் உலோகப் பெயர்களில். லாக்யர் இதையும் உலோகம் என்றே நினைத்தார். நியான், ஆர்கான், கிரிப்டான் என்று இதன் கூட்டாளிகளான மந்த வாயுக்கள் எல்லாம் 'ஆன்' என முடிய, இது மட்டும் இப்படியே நின்றுவிட்டது.

தமிழில்? கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் 'ஈலியம்' என்பார்கள். அது ஒலிமாற்றம், அவ்வளவே. பரிதியிலிருந்து 'பரிதியம்' வரும். என் ஓட்டு 'எல்லியம்' என்பதற்கு. எல் என்றால் ஒளி, பகல், கதிரவன். 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம்; இலக்கம் என்றால் இங்கே ஒளிர்வது. நெய்தலுக்குரிய எற்பாடு, எல் சாயும் பொழுது.

ஹீலியோஸும் எல்லும் ஒரே வேர் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், ஒலி ஒப்புமை மட்டுமே. ஹீலியோஸின் நிஜ உறவு வடமொழிச் 'சூர்ய'. இரண்டுக்கும் பொதுவான மூலமொழியின் சகரம் கிரேக்கத்தில் ஹகரமாகும். அங்கே 'சப்த', இங்கே 'ஹெப்டா' ஆனது போல.

சூரியனில் நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் எல்லியமாகிறது. பலூனில் அடைப்பது மட்டும் அங்கிருந்து வந்ததல்ல. நிலத்தடியில் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறந்தது அது.