பின் பக்கக் கண்ணாடிக்கு பாத்ரூம் சிலிக்கான் போதாது

போன வியாழக்கிழமை காலை நான் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு மஹிந்திரா தார் ஜீப் நின்றிருந்தது. வால்பாறையிலிருந்து இறங்கி நேராக கோயமுத்தூருக்கு வந்திருக்கிறார்கள். "அண்ணா, மழை பெஞ்சா பின்னாடி சொட்டுதுங்க. கொஞ்சம் சிலிக்கான் வெச்சு உட்டுருங்க, பத்து நிமிஷ வேலைதான்" என்றார் வண்டிக்காரத் தம்பி. எத்தனை நிமிட வேலை என்பதை வாடிக்கையாளரே சொல்லிவிட்டால் எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கும்.

பின் இருக்கைக்கு இடப்பக்கம் உள்ள பக்கக் கண்ணாடி, நாங்கள் குவார்ட்டர் கிளாஸ் என்போமே, அதுதான் சொட்டியது. மூலையில் குனிந்து பார்த்தேன். வலப்பக்கக் கண்ணாடியில் கம்பெனி பெயர், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. இதில் ஒன்றும் இல்லை, மொட்டை. சுற்றிலும் வெள்ளை சிலிக்கான். வாஷ்பேசின் ஓரத்தில் பூசுவார்களே, அதேதான். பொருத்தம் சரியில்லாத இடங்களில் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. அந்தக் கண்ணாடியை ஒட்டி உள்ளே ஒரு குழந்தை சீட், அதன் மேல் பாதி தின்ற முறுக்கு.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. முதல் வண்டிக்குப் பொறுமையாக விளக்கினேன், இரண்டாவதற்குக் கொஞ்சம் குரல் உயர்ந்தது. மூன்றாவதைப் பார்த்த பிறகு எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி சொன்ன கதை இது. போன மாதம் எஸ்டேட் பாதையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, டிக்கியில் கட்டாமல் கிடந்த டி-ஷேக்கிள் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கக் கயிறு மாட்டும் இரும்பு வளையம்) எகிறிக் கண்ணாடியில் அடித்திருக்கிறது. கண்ணாடி முழுக்கப் பொடியாகக் கொட்டிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் கண்ணாடி வெட்டித் தரும் கடைக்குப் போயிருக்கிறார். அவர்களும் அட்டையில் அளவெடுத்து அரை மணி நேரத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "பழசைவிட இது தடிமன் ஜாஸ்திங்ணா, அஞ்சு எம்எம்" என்று பெருமையாக வேறு சொன்னார்.

அந்தத் தடிமன் பெருமைதான் எனக்கு ஆகவே ஆகாது.

காரின் முன் கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விட்டாலும் கொட்டாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன்டு. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்தது. அது கெட்டியாக இருக்க வேண்டும் என்பது பாதி வேலைதான். உடையும்போது எப்படி உடைகிறது என்பதுதான் மீதிப் பாதி. ஐ.நா.வின் ஐரோப்பிய ஆணையம் வகுத்த விதி 43-ன்படி, உடைத்துப் பார்க்கும்போது 5 செ.மீ.க்கு 5 செ.மீ. கட்டத்துக்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். அதாவது துண்டு சின்னதாக இருந்தால்தான் பாஸ். நம் ஊரில் வண்டிக் கண்ணாடிக்கு உள்ள தரம் ஐஎஸ் 2553, இரண்டாம் பாகம். மூலையில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை அதற்குத்தான்.

வீட்டு ஜன்னலின் சாதாக் கண்ணாடியை 5 எம்எம் இல்லை, 8 எம்எம் போட்டாலும் உடைந்தால் கத்திதான். தடிமன் கூடினால் கத்தியின் எடை கூடும், அவ்வளவுதான். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் தம்பியின் கண் முன்னாலேயே காட்டினேன். கண்ணாடியைக் கழற்ற எனக்கு வயரும் தேவைப்படவில்லை, கட்டரும் தேவைப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினேன். சிலிக்கான் தோல் மாதிரி உரிந்து, முழுக் கண்ணாடியும் வெளியே நின்ற பையன் கைக்கே போய்விட்டது. தம்பியின் முகம் அங்கேயே பாதி மாறிவிட்டது. அப்புறம் அதைச் சாக்குப் பையில் சுற்றி, சுத்தியலால் ஒரே ஒரு அடி. பிரித்துக் கொட்டினால் ஏழெட்டுப் பெரிய துண்டுகள். அதில் ஒன்று என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளம், முனை ஊசி. சீட் தண்டவாளத்துக்குள் போன மாத ஒரிஜினல் கண்ணாடியின் மிச்சம் கிடந்தது. அதையும் இடுக்கியால் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். டைமண்ட் கல்கண்டு மாதிரி இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, குழந்தை சீட்டையும் பார்த்துவிட்டு, தம்பி டீ வாங்கிவர எழுந்து போய்விட்டார்.

ஒரு அடையாளம் சொல்கிறேன், மறக்காதீர்கள். டஃபன் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. பிளேடு ஆழமாக இறங்கினால் மொத்தமும் பொடியாகிவிடும். ஆகவே எந்தக் கடையாவது "டஃபன்டுதாங்க, இங்கேயே வெட்டித் தர்றேன்" என்றால் அது டஃபன்டு இல்லை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்வாகப் பாருங்கள். டஃபன் செய்த கண்ணாடியில் வரிசையாகப் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். முதலில் முத்திரை, அது அழிந்திருந்தால் இந்தச் சோதனை. பழைய ஜீப்புக்குக் கண்ணாடியே கிடைக்கவில்லை என்றால், முதலில் வெட்டி, ஓரம் தேய்த்து, அதன் பிறகு டஃபன் செய்து வாங்க வேண்டும். நாலைந்து நாள் ஆனால் ஆகட்டும்.

"கண்ணாடியே வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போட்டுடலாம்", "பாலிகார்பனேட் உடையவே உடையாதாமே" என்று இன்னொரு கோஷ்டி வரும். உடையாது என்பதுதானே சிக்கல்! மூன்று கதவு தாரில் பின்னால் உட்காருகிறவருக்கென்று தனிக் கதவு கிடையாது. முன் சீட்டைச் சாய்த்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, அல்லது ஓடையில் இறங்கித் தண்ணீர் ஏறுகிறது, முன் கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் பெரியவரும் குழந்தையும் எந்த வழியாக வருவார்கள்? டஃபன்டு என்றால் எமர்ஜென்சி சுத்தியலால் மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் வழி திறக்கும். நடுவில் தட்டாதீர்கள், அங்கேதான் கண்ணாடிக்குப் பலம். பாலிகார்பனேட்டில் சுத்தியல் எகிறித் திரும்பி வரும். இதே காரணத்துக்காகத்தான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே ஜெர்ரி கேனும் இரும்பு வலையும் மாட்டாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மாட்டிவிட்டுத்தான் போகிறார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கிறதாம்.

சரி, சிலிக்கானுக்கு வருவோம். வண்டிக் கண்ணாடி ஒட்டும் பேஸ்ட் யூரித்தேன். கறுப்பாக, கெட்டியாக, கன்னில் வைத்து அழுத்தினால் கை வலிக்கும். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது வண்டியின் உடம்பே முறுகும். அந்த முறுக்கலைத் தாங்கிக்கொண்டு கண்ணாடியையும் விடாமல் பிடிப்பதற்கென்றே செய்தது அது. வீட்டு சிலிக்கான் தண்ணீர் கசியாமல் இருக்கச் செய்தது, பாரம் தாங்க அல்ல. புளிச்ச காடி வாடை வருகிற ரகம் என்றால் இன்னும் மோசம், அதில் வெளியேறும் அமிலம் இரும்புச் சட்டத்தைத் துருவாக்கும். எங்களுக்குப் பெரிய தலைவலி வேறு: ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் அடுத்து யூரித்தேன் பிடிக்காது. அன்றைக்கு எனக்குக் கண்ணாடி மாட்ட ஆன நேரம் முக்கால் மணி. தம்பி பத்து நிமிட வேலை என்று சொன்ன அந்த சிலிக்கானைச் சுரண்டி எடுக்க இரண்டரை மணி நேரம்.

முறையாகச் செய்தால் வேலை இப்படிப் போகும். பழைய யூரித்தேனை அடியோடு வழித்தெடுக்கக் கூடாது, ஒன்றிரண்டு எம்எம் விட்டுவைத்து அதன் மேலேதான் புதுசு வைக்க வேண்டும். பழைய பேஸ்டுக்குப் புது பேஸ்ட் நன்றாகப் பிடிக்கும். பெயின்ட் கீறிய இடத்தில் ப்ரைமர். கண்ணாடி ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டையைத் துடைத்து அதற்கும் ப்ரைமர். அந்தப் பட்டை அழகுக்கு இல்லை, வெயில் பட்டு பேஸ்ட் வீணாகாமல் காக்கிறது. சாதாக் கண்ணாடியில் அது இல்லாததால் பேஸ்ட் நல்லதாக இருந்தாலும் நாளடைவில் வெயிலில் கெட்டுப்போகும். பிறகு கோடு விடாமல் ஒரே இழுப்பாக பேஸ்ட், சக்ஷன் கப்பால் கண்ணாடியைத் தூக்கி ஒரே முறையில் வைப்பது, மேலே மாஸ்கிங் டேப். ரப்பர் பீடிங்கில் நிற்கும் பழைய வேன், ஜீப் கண்ணாடி என்றால் கதையே வேறு. பீடிங்கின் இடுக்கில் கயிறு கோத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியே தட்ட ஒருவர் உள்ளே கயிற்றை இழுக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அந்தக் கயிறு இழுக்கும் ஆள் நான்தான்.

பொடியை விட்டுவிடக் கூடாது. உடைந்த கண்ணாடி சீட்டில் மட்டுமா கிடக்கும்? பக்கவாட்டு டிரிம்முக்குள், சீட் பெல்ட் சுருளும் ரோலருக்குள், குழந்தை சீட்டின் மடிப்புக்குள் எல்லாம் போயிருக்கும். பெல்ட்டை முழுக்க இழுத்து வேக்யூம் போட வேண்டும். பெல்ட் சுருண்டு சுருண்டு விரியும்போதெல்லாம் அந்தக் கண்ணாடித் துணுக்கு நாடாவை அறுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் டிரிம்மைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் செய்யவில்லை என்று அர்த்தம்.

காய்கிற நேரம் பேஸ்டுக்குப் பேஸ்ட் மாறும், டியூபிலேயே போட்டிருக்கும். காற்றின் ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும் என்பதால் ஊட்டிக் குளிருக்கும் கோடை வெயிலுக்கும் ஒரே கணக்கு வராது. நான் 24 மணி நேரம் கேட்கிறேன். அதுவரை டேப்பைப் பிரிக்காதீர்கள், பிரஷர் வாஷ் வேண்டாம், கரட்டுப் பாதை வேண்டவே வேண்டாம். முன் கதவுக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அறைந்தால் உள்ளே இருக்கும் காற்றே புதுக் கண்ணாடியைத் தள்ளிவிடும்.

அவசரம் எல்லாம் ஒட்டிய பிறகுதான். உடைந்த வண்டியில் பாலித்தீன் கட்டிக்கொண்டு மூன்று வாரம் சுற்றும்போது யாருக்கும் அவசரம் இல்லை. பெட்டி மாதிரி வண்டி ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறையும், சைலன்ஸர் புகை அங்கேயே சுழலும். பின்னால் ஓட்டை இருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குழந்தை தூங்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பட்டறை வரை மெதுவாக வாருங்கள், முன் ஜன்னலை இறக்கிக்கொள்ளுங்கள், பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கண்ணாடிக் கடைக்கு ஓடவைப்பதே அந்தப் பயம்தான். சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குத்தான் 50 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் கையிலிருந்து கட்டாயமாகப் போவது 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. தாரில் 1.5 டீசலுக்கு ஆயிரம், 2.2 டீசலுக்கு இரண்டாயிரம். ஆனால் க்ளெய்ம் போட்டால், க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், போய்விடும். அது 50 சதவீதத்தில் இருக்கிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைக்காசில் மாற்றுவதே லாபமாக இருக்கலாம். எப்படியோ, பொடியைக் கூட்டித் தள்ளும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு வந்து "சர்வேயர் நம்ப மாட்டேங்கிறாரு" என்றால் நான் என்ன செய்ய?

அன்றைக்கு மத்தியானமே ஊருக்குள் ஒரு கடையில் முத்திரை உள்ள கண்ணாடி கிடைத்தது. சாயங்காலம் ஒட்டி, ராத்திரி பட்டறையிலேயே நிறுத்தி, வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கொடுத்தேன். மத்தியானம் தம்பி போன் செய்தார்.

"அண்ணா, டேப்பப் பிரிச்சுரலாமுங்களா? பாக்க ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அந்த ஷேக்கிளைக் கட்டிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டிக்கி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.