தன்னார்வ எடிட்டர்கள் நடத்தும் டைரக்டரியில் உங்கள் தளம் இடம்பெற: எடிட்டர் எதைப் பார்க்கிறார்?

டைரக்டரி என்பது இணையத் தளங்களைப் பிரிவு வாரியாகத் தொகுத்துத் தரும் பட்டியல். "500 டைரக்டரிகளில் உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம்" என்று விற்கிறார்களே, அந்தப் பேக்கேஜை வாங்காதீர்கள். அதில் வரும் டைரக்டரிகளில் பெரும்பாலானவற்றை மனிதர் எவரும் படிப்பதில்லை. லிங்க் விற்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. தரம் குறைந்த டைரக்டரிகளிலிருந்து வரும் லிங்குகளை லிங்க் ஸ்பேம் (தேடல் தரவரிசையை ஏமாற்றி உயர்த்தப் போடும் லிங்குகள்) வகையில் சேர்த்து, கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. காசும் போய், தளத்தின் பெயரும் கெடும்.

இவற்றோடு சேர்த்துப் பார்க்கக் கூடாத ஒரு வகை உண்டு. தன்னார்வலர்கள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து, பொருத்தமான பிரிவில் வைத்து, தங்கள் கையாலேயே ஒரு விவரக்குறிப்பு எழுதும் டைரக்டரி. இங்கே காசு கொடுத்து நுழைய முடியாது. அவசரப்படுத்தியும் பயனில்லை.

இதன் வரலாறு தெரிந்தால் விதிகளின் காரணம் புரியும். 1994-ல் தொடங்கிய யாஹூ டைரக்டரி, பிற்காலத்தில் வணிகத் தளங்களைப் பரிசீலிப்பதற்கு மட்டுமே 299 டாலர் வாங்கியது. கட்டணம் கட்டினாலும் சேர்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. 1998-ல் ரிச் ஸ்க்ரெண்டாவும் பாப் ட்ரூயலும் இதற்கு மாற்றாகத் தன்னார்வலர்களை வைத்து 'க்னூஹூ'வை ஆரம்பித்தார்கள். அது 'நியூஹூ' ஆகி, அதே ஆண்டில் நெட்ஸ்கேப் கைக்குப் போய், ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்ட் ஆனது. இணைய முகவரியை வைத்து எல்லோரும் டிமோஸ் என்றே அழைத்தார்கள். அதன் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2000 முதல் 2011 வரை இயங்கிய கூகுள் டைரக்டரியே அந்தத் தரவை பேஜ்ரேங்க் (பிற தளங்களிலிருந்து வரும் லிங்குகளை வைத்துக் கூகுள் தரும் மதிப்பெண்) வரிசையில் காட்டியதுதான். தேடல் முடிவுகளில் உங்கள் தளத்துக்குக் கீழே டிமோஸ் எடிட்டர் எழுதிய விவரக்குறிப்பைக் கூகுள் காட்டிய காலமும் இருந்தது. அது வேண்டாம் என்பவர்களுக்காக 2006-ல் 'நோஓடிபி' என்ற மெட்டா டேக் (பக்கத்தின் நிரலில் தேடுபொறிக்காக எழுதும் குறிப்பு) கொண்டுவரப்பட்டது. இத்தனை செல்வாக்கு இருந்ததால்தான் தேடல் முடிவுகளில் தளங்களை மேலே கொண்டுவரும் எஸ்இஓ உலகமே அங்கே போய் முட்டியது, எடிட்டர்களும் அத்தனை கண்டிப்பாக இருக்க வேண்டியதாயிற்று.

டிமோஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் எடிட்டர்கள் அந்தத் தரவைக் கைவிடாமல் 'கர்லி' என்ற பெயரில் தொடர்கிறார்கள்; விதிகளும் பெரும்பாலும் பழையவைதாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: இன்று இதில் இடம்பெறுவதால் தேடல் தரவரிசை தாவி ஏறப்போவதில்லை. ஒரு துறையைத் தேர்ந்தெடுத்த பட்டியலாகப் பார்க்க விரும்பும் வாசகரிடம் உங்கள் தளம் போய்ச் சேரும். அந்தப் பலன் போதும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

எடிட்டர் உங்கள் வாடிக்கையாளர் சேவை ஊழியர் இல்லை. தன் ஓய்வு நேரத்தில், தனக்குப் பிடித்த ஒரு துறையின் பட்டியலை வாசகருக்காக ஒழுங்குபடுத்துகிறவர். படிவத்தில் 'விண்ணப்பம்' என்று இல்லாமல் 'தளத்தைப் பரிந்துரை செய்க' என்று இருப்பதன் பொருள் இதுதான். உங்கள் பரிந்துரை அவருக்குக் கிடைக்கும் பல வழிகளில் ஒன்று. தேடுபொறி வழியாகவோ இன்னொரு தளத்திலிருந்தோ அவரே நல்ல தளங்களைக் கண்டுபிடித்தும் சேர்ப்பார். ஆகவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அவர் தளத்தைத் திறக்கும் அந்தச் சில நிமிடங்களில் திருத்த எதுவும் இல்லாதபடி வைத்திருப்பது.

முதலில் தளம். 'விரைவில்' என்று எழுதிய பக்கம் ஒன்று இருந்தாலும் பரிந்துரையைத் தள்ளிப்போடுங்கள். மெனுவில் ஏழு தலைப்புகள் இருந்து, நான்கு காலியாக இருந்தால், கட்டி முடிக்காத தளம் என்ற கணக்கில்தான் போகும். பிறகு தளத்தை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத ஒரு கணினியில், லாகின் செய்யாமல், வேறொரு நெட்வொர்க்கிலிருந்து திறந்து பாருங்கள். உங்கள் பிரவுசரின் கேஷில் நன்றாகத் தெரியும் தளம் வெளியாருக்குச் சான்றிதழ் எச்சரிக்கையோடு திறப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம். முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் அடித்துப் பாருங்கள். நான்கும் ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும், அதுவும் நிரந்தரத் திருப்பமான 301 வழியாக. அப்படிக் கடைசியாக நிற்கும் முகவரி எதுவோ, படிவத்தில் அதையே கொடுங்கள். வேறொரு டொமைனுக்குத் திருப்பிவிடும் முகவரியைக் கொடுத்தால், அதுவே நிராகரிக்கப் போதுமான காரணம்.

ஃபயர்வாலையும் கவனியுங்கள். சில நாடுகளை மொத்தமாகத் தடுத்து வைத்திருந்தால், எடிட்டர் அந்த நாட்டில் இருக்கும் பட்சத்தில் அவருக்குத் தெரிவது வெறும் பிழைப் பக்கம். சேர்த்த பிறகும் இந்தச் சிக்கல் உண்டு. இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க டைரக்டரிகள் ரோபோவை ஓட்டும். டிமோஸில் அதன் பெயர் 'ரோபோசில்லா'. அந்த ரோபோவுக்கு உங்கள் சர்வர் 403 (அனுமதி இல்லை) என்ற பிழையைக் காட்டினால், உயிருள்ள தளமும் செத்த தளமாகக் குறிக்கப்பட்டுப் பட்டியலிலிருந்து இறங்கிவிடலாம்.

அடுத்தது உள்ளடக்கம். நிராகரிப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. ஒரு எளிய சோதனை: விளம்பரங்களை எடுத்துவிடுங்கள், மற்ற தளங்களிலிருந்து எடுத்துப் போட்டதை எடுத்துவிடுங்கள், கமிஷனுக்காக வேறு கடைக்கு அனுப்பும் அஃபிலியேட் இணைப்புகளை எடுத்துவிடுங்கள். மீதி என்ன இருக்கிறது? அந்த மீதியைத்தான் எடிட்டர் மதிப்பிடுகிறார். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வடிவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பலிக்காது. ஒரே தொழிலுக்கு ஐந்து டொமைன் வாங்கி, அதே பக்கங்களை நிறம் மாற்றிப் போட்டு, ஐந்தையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது கண்டுபிடிக்கப்பட்டால் நல்ல தளமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு தளம், முகப்புப் பக்கத்தின் முகவரி, அவ்வளவே. தளத்தை நடத்துபவர் யார், தொடர்பு கொள்வது எப்படி என்று சொல்லும் பக்கமும் வேண்டும். குறிப்பிட்ட ஊரில் நேரில் சேவை தரும் தொழில் என்றால் முழு முகவரி தளத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அது இல்லாமல் வட்டாரப் பிரிவில் வைக்க எடிட்டருக்கு ஆதாரமே கிடையாது.

இனி பிரிவைத் தேர்ந்தெடுப்பது. கவனக்குறைவால் மாதக்கணக்கில் தாமதம் ஆவது இந்த இடத்தில்தான். பலர் மேல்மட்டப் பிரிவில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மேல்மட்டப் பிரிவுகளில் தளங்களே சேர்ப்பதில்லை; சிலவற்றில் பரிந்துரை இணைப்பும் இருக்காது. ஒரு படி கீழே பொதுவான பிரிவில் போட்டால், அங்கிருக்கும் எடிட்டர் சரியான பிரிவுக்கு நகர்த்துவார், அங்கே போய் மறுபடியும் காத்திருக்க வேண்டும். இரண்டு காத்திருப்பு.

சரியான பிரிவைக் கண்டுபிடிக்க, உங்களைப் போன்ற மூன்று நான்கு தளங்களை டைரக்டரியின் தேடல் பெட்டியில் தேடுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டும். அந்தப் பிரிவின் பக்கத்தில் 'பிரிவு விளக்கம்' இருந்தால் முழுமையாகப் படியுங்கள். எவை சேரும், எவை சேராது என்று அதில் எழுதியிருப்பார்கள். டிமோஸில் துணைப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் @ குறி இருந்தால், அது மரத்தின் வேறு கிளையில் இருக்கும் பிரிவுக்குப் போகும் வழி என்று பொருள். கிளிக் செய்து அங்கே போய்ச் சேர்ந்த பிறகே பரிந்துரைக்க வேண்டும்.

வணிகத் தளங்கள் தடுமாறும் ஒரு முக்கியமான வேறுபாடு: நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனம் 'வணிகம்' கிளையில், நுகர்வோர் ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து வாங்கும் தளம் 'ஷாப்பிங்' கிளையில், ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் சேவை தருவது 'வட்டாரம்' கிளையில். "நாங்கள் மூன்றும் செய்கிறோம்" என்று மூன்றிலும் போடுவதைவிட, தளத்தில் அதிகப் பக்கங்கள் எதைப் பற்றி இருக்கின்றன என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொரு இடமும் பொருந்தும் என்றால் எடிட்டரே சேர்ப்பார். மொழியும் கணக்கில் வரும். தமிழில் எழுதப்பட்ட தளத்தின் இடம் தமிழ்ப் பிரிவுதான். ஆங்கிலக் கிளையில் போட்டால் அது நகர்த்தப்படும் அல்லது நீக்கப்படும். முழுமையான இரு மொழிப் பதிப்புகள் இருந்தால், அந்தந்தப் பதிப்பின் முகவரியை அந்தந்த மொழியில் தனியாகப் பரிந்துரைக்கலாம். மெனு மட்டும் தமிழில் இருப்பதைத் தமிழ்ப் பதிப்பு என்று காட்டாதீர்கள்.

தலைப்பும் விவரக்குறிப்பும் எப்படி எழுதுவது? சைக்கிள் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படிவத்தில் வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

தலைப்பு: "சிறந்த சைக்கிள் ரிப்பேர் | சைக்கிள் பழுது | நம்பர் 1 சைக்கிள் டிப்ஸ்!!"
விவரம்: "எங்கள் தளத்துக்கு வரவேற்கிறோம்! சைக்கிள் பற்றி நீங்கள் அறிய வேண்டிய அனைத்தும் ஒரே இடத்தில். உலகத் தரமான டிப்ஸ், இப்போதே வாருங்கள்!"

இதில் எடிட்டர் வைத்துக்கொள்ள ஒரு சொல்கூட இல்லை. தலைப்பில் இருப்பது தளத்தின் பெயர் இல்லை. 'சிறந்த', 'நம்பர் 1', 'உலகத் தரமான' எல்லாம் வெட்டுப்படும். 'எங்கள்', 'வாருங்கள்' போன்றவையும் போகும், ஏனென்றால் டைரக்டரி மூன்றாம் மனிதராகப் பேசுகிறது. 'அனைத்தும்' என்பதை எவராலும் சரிபார்க்க முடியாது. கடைசியில் எடிட்டர் தளம் முழுவதையும் படித்துத் தானே எழுத வேண்டும். அதைவிட அடுத்த பரிந்துரைக்குப் போவது அவருக்குச் சுலபம்.

அதே தளத்தை இப்படி எழுதலாம்:

தலைப்பு: "சைக்கிள் பழுதுக் கையேடு" (தளத்தின் மேற்பகுதியில் இருக்கும் பெயர் அதுவே என்றால்)
விவரம்: "செயின், பிரேக், கியர் சரிசெய்யும் முறைகளைப் படங்களுடன் விளக்கும் கட்டுரைகள், உதிரிபாக அளவு அட்டவணைகள், வாசகர் கேள்வி-பதில்கள்."

பதின்மூன்று சொற்கள். தலைப்பில் வந்த 'சைக்கிள்', 'பழுது' மறுபடி வரவில்லை. பிரிவின் பெயரே சைக்கிள் பராமரிப்பு என்று இருக்கும்போது அதைத் திரும்பச் சொல்லவும் தேவையில்லை. சொன்ன ஒவ்வொன்றையும் தளத்தில் காட்ட முடியும். 'இந்தத் தளம்...' என்று தொடங்கவில்லை, ஆச்சரியக்குறி இல்லை, இறுதியில் முற்றுப்புள்ளி இருக்கிறது. ஒன்றிரண்டு வரிக்குள் அடங்கும் இந்த அளவு போதும். விலை, சலுகை, 'புதியது' போன்ற சீக்கிரம் பழசாகிப்போகும் சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் பிறகு வந்து திருத்திக்கொண்டிருக்க ஆளில்லை.

மின்னஞ்சல் பெட்டியில் உண்மையில் படிக்கப்படும் முகவரியைக் கொடுங்கள். எல்லா நேரமும் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏற்பு, நிராகரிப்பு எதையும் தனித்தனியாகத் தெரிவிப்பது டிமோஸில் வழக்கமே இல்லை.

அனுப்பிய பிறகு எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஆர்வமுள்ள எடிட்டர் இருக்கும் பிரிவில் சில நாளில் முடியலாம். ஸ்பேம் குவியும் பிரிவில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். தேதி வாரியாகத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் எடிட்டருக்கு இல்லை. பிரிவில் எடிட்டர் பெயர் எதுவும் காட்டப்படவில்லை என்றால் அநாதையாக விடப்பட்டது என்று நினைக்காதீர்கள். அதற்கு மேலே உள்ள பிரிவுகளின் எடிட்டர்கள் அங்கேயும் வேலை செய்யலாம். வாரம் ஒருமுறை மறுபடி அனுப்புவதுதான் செய்யக்கூடாத காரியம். புதிய பரிந்துரை பழையதன் மேல் ஏறி உங்களைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். பல பிரிவுகளுக்கு அனுப்பினால், ஸ்பேம் அனுப்புபவர் என்ற பெயரும் வரும்.

"எனக்கு எடிட்டரைத் தெரியும், இவ்வளவு கொடுத்தால் சேர்த்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். காசு வாங்கித் தளம் சேர்ப்பது கண்டுபிடிக்கப்பட்டால் எடிட்டர் நீக்கப்படுவார், சேர்த்த தளமும் வெளியேறும். நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை: நீங்களே எடிட்டர் ஆகலாம். சில தளங்கள் மட்டும் உள்ள சிறிய பிரிவைத் தேர்ந்தெடுத்து, அதில் சேரக்கூடிய இரண்டு மூன்று தளங்களுக்கு மேலே சொன்ன முறையில் தலைப்பும் விவரமும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாதிரிகளில் உங்கள் சொந்தத் தளத்தை மட்டும் வைத்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். உங்களுக்குத் தொடர்புள்ள தளங்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தத் தளம் வைத்திருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதும், போட்டியாளரின் தளத்தை வெளியே நிறுத்துவதும்தான் குற்றம். தமிழ்ப் பிரிவுகளில் இப்படி உட்கார்ந்து வேலை செய்ய ஆட்கள் வேண்டும். தமிழில் உழைத்து உருவாக்கப்பட்ட எத்தனையோ தளங்கள், அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் எடிட்டர் இல்லாத ஒரே காரணத்தால் பட்டியலுக்கு வெளியே கிடக்கின்றன.

தளம் இடம்பெற்ற பிறகு, உங்கள் விவரக்குறிப்பை எடிட்டர் மாற்றியிருந்தாலும், பெயர்ப்பிழை, தகவல்பிழை இருந்தால் மட்டும் திருத்தம் கேளுங்கள். டொமைன் மாறினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 போட்டுவிட்டு, 'விவரம் புதுப்பிக்க' இணைப்பு வழியாக அன்றைக்கே தெரிவியுங்கள். புதிய தளமாக மீண்டும் பரிந்துரைக்காதீர்கள். பழைய டொமைனைக் காலாவதியாகவும் விடாதீர்கள். பட்டியலில் இருக்கும் டொமைன் எப்போது கைவிடப்படும் என்று காத்திருந்து வாங்கி, சூதாட்டப் பக்கமாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எடிட்டர் பிறகு அதைத் திறக்கும்போது உங்கள் பெயருக்குக் கீழே அந்தப் பக்கம்தான் நிற்கும். மாற்றத்தைத் தெரிவித்த பின்னும், பட்டியலில் புதிய முகவரி வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கும் வரை பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.