முதல் ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் கழுத்தில், குரல்வளை மேட்டின் மீது, ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக் கோளாறுகளோடு விழுங்கும் கோளாறுகளுக்கும் சிகிச்சை தருபவர்) இரண்டு விரல்களை மெல்ல வைக்கிறார். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கிறார். விழுங்கும்போது குரல்வளை விரலுக்கடியில் மேலே எழும்பி இறங்க வேண்டும். அது தாமதித்தாலோ, விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். நிமோனியா வரை போகக்கூடிய ஆபத்து அது. புத்தகத்தில் இதைப் படித்துவிடலாம். ஆனால் விரலுக்குப் பழக வேண்டுமென்றால், கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று, நோயாளிக்கு நோயாளி காட்டித்தர வேண்டும்.

அப்படி நிற்க நாட்டில் ஆளே இல்லையென்றால்? பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு தொடங்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் உருவாகப் பட்டப்படிப்பு வேண்டும். வளரும் நாடுகள் பல இந்த முட்டுச்சந்தில்தான் நின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் தொண்டு அமைப்புகளோடும் கைகோத்துத்தான் பெரும்பாலும் அதிலிருந்து வெளியே வந்தன.

வியட்நாம் போன வழி கவனிக்கத் தக்கது. 2010-ல் ஹோ சி மின் நகரின் ஃபாம் ஙொக் தாக் மருத்துவப் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் டிரின் ஃபவுண்டேஷன் துணையோடு இரண்டாண்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. பள்ளி முடித்த பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை. ஏற்கெனவே மருத்துவத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களையே எடுத்தார்கள். எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. அவர்களுக்கு உடற்கூறு தெரியும், வார்டு தெரியும், கற்றதை மறுநாளே செய்து பார்க்க நோயாளிகளும் உண்டு. ஆஸ்திரேலியத் தெரபிஸ்ட்கள் வந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தால் ஒரு மணி நேரப் பாடம் எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் சில கருத்துகளுக்கு உள்ளூர் மொழியில் சொல்லே இருக்காது. மொழிபெயர்ப்பாளரும் மாணவர்களும் உட்கார்ந்து பேசித்தான் ஒரு சொல்லை முடிவுசெய்ய வேண்டும்.

அறுவைச் சிகிச்சையை எந்த மொழி பேசும் நிபுணரும் கற்றுக்கொடுத்துவிடலாம். பேச்சுச் சிகிச்சை அப்படியல்ல. வியட்நாமிய மொழியில் ஒலி மேலேறுவதும் கீழிறங்குவதும் பொருளையே மாற்றும். 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் பேய், இன்னொன்றில் நாற்று, மற்றொன்றில் தென்பகுதி வழக்கில் அம்மா. வடக்கில் ஆறு தொனிகள், தெற்கில் ஐந்து. வடக்கத்தித் தொனிகளில் ஒன்று நடுவில் குரல் ஒருகணம் உடைந்து தொடரும். பழக்கமில்லாத காதுக்கு அது குரல் நாண் கோளாறுபோலக் கேட்கலாம். அந்த ஊர்க் குழந்தைக்கோ அதுதான் சரியான உச்சரிப்பு. எது பிழை, எது வழக்கு என்று பிரிப்பதுதான் நோயறிதலின் முதல் படி. அந்தப் படியில் ஆசிரியரைவிட மாணவரின் காதே கூர்மையானது. நல்ல ஆசிரியர் இதை முதல் நாளே ஒப்புக்கொள்வார். எந்த அறிகுறியைத் தேட வேண்டும் என்று அவர் சொல்ல, அது கேட்கிறதா என்று மாணவர் சொல்வார்.

சோதனைத் தாள்களுக்கும் இதே கதிதான். மெய்யெழுத்துகள் கொத்தாக வரும் 'ஸ்பூன்', 'ஸ்ட்ராங்' போன்ற சொற்களைக் குழந்தை உடைக்காமல் சொல்கிறதா என்று ஆங்கிலச் சோதனை பார்க்கும். வியட்நாமிய மொழியில் அத்தகைய கொத்துகளே இல்லை. மொழிபெயர்த்துப் பயனில்லை, அந்த மொழியின் ஒலிகளிலிருந்தே புதிதாக உருவாக்க வேண்டும்.

முதல் அணி தேறியதும் வேலையின் தன்மை மாறுகிறது. அவர்கள் அடுத்தவர்களுக்கு வார்டில் வழிகாட்டுகிறார்கள். சிலர் வெளிநாட்டில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பி விரிவுரையாளர் ஆகிறார்கள். வியட்நாமில் ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்துத்தான் இளநிலைப் பட்டப்படிப்பு வந்தது. இலங்கையின் களனிப் பல்கலைக்கழகமும் 1990-களின் இறுதியில் பட்டயப் படிப்பாகத் தொடங்கிப் பின்னர் நான்காண்டுப் பட்டத்துக்கு உயர்ந்தது. உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகம் 2008-ல் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

இப்படி வெளிநாட்டோடு செய்துகொள்ளும் பல ஒப்பந்தங்கள் கோட்டைவிடும் இடம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. அரசின் பணியிடப் பட்டியலில் 'பேச்சுச் சிகிச்சையாளர்' என்ற பதவியே இல்லையென்றால், பட்டம் வாங்கியவர் பழைய வேலைக்குத் திரும்புவார், இல்லையேல் வெளிநாடு போவார். அதனால்தான் இரு பல்கலைக்கழகங்கள் கையெழுத்திடும் அன்றே சுகாதார அமைச்சகமும் அந்த மேசையில் இருக்க வேண்டும். முதல் அணி படித்து முடிக்க ஆகும் இரண்டு ஆண்டுகள், ஒரு புதிய பணியிடத்தை உருவாக்கி நிதி ஒதுக்கவே சரியாக இருக்கும்.