கனடாவுக்கு எந்தத் திகதியில் சுதந்திரம்?

குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அலுவலகத்துக்கு வந்திருந்தார். “தம்பி, இலங்கைக்கு பெப்ரவரி 4. கனடாவுக்கு எந்தத் திகதி?” என்று கேட்டார்.

ஜூலை 1 என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் 1867 ஜூலை 1 அன்று நடந்தது நான்கு மாகாணங்கள் ஒன்றுசேர்ந்தது மட்டுமே. அதைச் செய்த சட்டமும் லண்டனில் நிறைவேறியதுதான். ஒட்டாவாவில் பாராளுமன்றம் கூடியது, சட்டங்கள் இயற்றியது, எல்லாம் சரி. ஆனால் 1865ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் ஒன்று அதற்கு மேலே நின்றது. கனடாவுக்கும் பொருந்தும் லண்டன் சட்டத்தோடு கனேடியச் சட்டம் முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது.

அல்பேர்ட்டாவில் ஒருவர் மதுபானம் ஏற்றிச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். குற்ற வழக்குகளில், பேரரசின் கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு இல்லை என்று கனடா 1888இலேயே சட்டம் செய்திருந்தது. இந்த வழக்கு அங்கே போனபோது, அந்தச் சட்டமே செல்லாது என்று 1926இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கடைசித் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தினுடையது என்று சொல்லும் அதிகாரம்கூட ஒட்டாவாவுக்கு இல்லை.

1931 டிசம்பரில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இந்தக் கட்டை அவிழ்த்தது. குற்ற மேன்முறையீடுகள் 1933இலும் மற்றவை 1949இலும் நிறுத்தப்பட்டன. ஆனால் அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் மட்டும் லண்டனிலேயே கிடந்தது. லண்டன் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. எப்படித் திருத்துவது என்பதில் மத்திய அரசும் மாகாணங்களும் ஒத்துவரவில்லை. காணி பிரிப்பதில் சகோதரர்கள் இணங்காமல், உறுதியை நொத்தாரிசிடமே விட்டுவைப்பது போலத்தான்.

உங்கள் சம்பளத் துண்டில் ‘ஈ.ஐ.’ என்று ஒரு கழிவு இருக்குமே, வேலையிழப்புக் காப்புறுதி? மத்திய அரசு முதலில் கொண்டுவந்த அந்தத் திட்டம் மாகாண அதிகாரத்தில் தலையிடுகிறது என்று பிரிவி கவுன்சில் 1937இல் தள்ளிவிட்டது. 1940இல் லண்டன் பாராளுமன்றம் கனேடிய அரசியலமைப்பைத் திருத்திக் கொடுத்த பிறகுதான் அது சாத்தியமானது.

அந்த உறுதி, அதாவது அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம், கைக்கு வந்தது 1982 ஏப்ரல் 17 அன்று. ஒட்டாவாவில், மழைக்குள், எலிசபெத் மகாராணி அதற்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதில் விழுந்த மழைத்துளிகளின் கறை இன்றும் இருக்கிறது. கியூபெக் மாகாண அரசு மட்டும் இணங்கவில்லை. அந்த மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை.

அதே நாளில் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனமும் நடைமுறைக்கு வந்தது. என் அன்றாட வேலை அங்கேதான் தொடங்குகிறது. அப்போதெல்லாம் அகதிக் கோரிக்கையாளர் ஓர் அதிகாரியிடம் சொன்னதை எழுத்தில் படித்துத்தான் முடிவெடுப்பார்கள். முடிவெடுப்பவர் ஆளைப் பார்ப்பதே இல்லை. 1985 ஏப்ரல் 4 அன்று, அகதிக் கோரிக்கையாளர்கள் தொடுத்த சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை; அவர்கள் சொல்வதை நேரில் கேட்க வேண்டும் என்றது. தீர்ப்பளித்த ஆறு பேரில் மூவர், உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய சாசனத்தின் 7ஆம் பிரிவைச் சுட்டினார்கள். அதில் உள்ள ‘ஒவ்வொருவருக்கும்’ என்ற சொல் கனடாவில் கால் வைத்த எவரையும் குறிக்கும் என்றார்கள். மற்ற மூவர் 1960ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் வழியே அதே முடிவுக்கு வந்தார்கள்.

வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் தடுத்து வைக்கப்பட்டால் தாமதமின்றிச் சட்டத்தரணியோடு பேசும் உரிமை, 10ஆம் பிரிவின்படி, வதிவிட அட்டை இல்லாதவருக்கும் உண்டு. ‘எனக்கு இன்னும் பேப்பர் இல்லை, நான் எப்படிக் கேட்பது’ என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வருபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். கேளுங்கள்.

அக்காவின் பழைய அகதிக் கோரிக்கைக் கோப்பைத் திறந்து காட்டினேன். மூன்று மணி நேர வாய்மொழி விசாரணை, நடுவில் ஒரு இடைவேளை, அழுததற்காக.

“அப்ப பரீட்சையில எதைத் தெரிவு செய்யிறது?” என்றார்.

“1867 தான் அக்கா. அவங்கள் கேட்கிறது மாகாணங்கள் எப்ப சேர்ந்தது எண்டு மட்டும்தான்.”